காணாத ஒளியைக் கண்டவர்

நுழையும்முன்

ரிமோட்டின் பொத்தானை அழுத்தியதும் தொலைக்காட்சியில் அலைவரிசை மாறுகிறது. இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இல்லை. ரிமோட்டின் நுனியில் உள்ள சிறு விளக்கு அகச்சிவப்புக் கதிரை அனுப்புகிறது. தொலைக்காட்சியில் உள்ள ஏற்பி அதனைப் பெற்றுக்கொள்கிறது. அனுப்ப ஒரு கருவி, பெற ஒரு கருவி, இடையே காணாத ஒளி. இத்தகைய ஓர் ஏற்பாட்டை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே கல்கத்தாவில், ஒரு கல்லூரியின் சிற்றறைக்குள் அமைத்துக் காட்டினார் ஓர் இந்தியப் பேராசிரியர். அவர்தாம் ஜகதீச சந்திர போஸ். அவருடைய வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

தாய்மொழிப் பள்ளியில்

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தின் மைமன்சிங் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசு அலுவலில் உயர்பொறுப்பு வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய பொறுப்பில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். ஆயினும் பகவான் சந்திரர் தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். ஒருவன் அயல்மொழியைக் கற்கும் முன்னர்த் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

அப்பள்ளியில் ஜகதீசரின் ஒருபுறம் தந்தையின் ஏவலராகிய இசுலாமியரின் மகன் அமர்ந்திருந்தான். மறுபுறம் மீனவர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான். ஆற்றிலும் குளத்திலும் வாழும் உயிர்களைப் பற்றிய செய்திகளை அவ்விருவரிடமும் ஜகதீசர் வாய் பிளந்து கேட்டார். இயற்கையின்பால் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டிற்கு அச்செய்திகளே வித்தாயின. பள்ளி விட்டதும் மூவரும் வீட்டிற்கு வருவர். ஜகதீசரின் அன்னையார் பழைய ஒழுக்கங்களில் பற்றுடையவர். எனினும் மூவருக்கும் வேறுபாடின்றி உணவு பரிமாறினார். சாதி, சமய வேற்றுமை என்பது ஒன்று உண்டு என்பதே அந்நாளில் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டு சென்ற பணியாளரும் வியப்புக்குரியவர். அவர் முன்னொரு காலத்தில் கொள்ளையராக இருந்தவர். பகவான் சந்திரராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டவர். தண்டனை முடிந்து, பிழைக்க வழியின்றி வந்து நின்ற அவருக்குப் பகவான் சந்திரர் தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார். வழிநெடுக அவர் கூறிய வீரக் கதைகள் சிறுவனின் நெஞ்சில் அச்சமின்மையை விதைத்தன.

பின்னர்த் தந்தையாருக்குப் பர்த்வானில் பணி அமைந்தது. அங்கே கொடிய காய்ச்சல் பரவிப் பல சிறுவர்கள் பெற்றோரை இழந்தனர். அவர்கள் தொழில் கற்றுப் பிழைக்கும் பொருட்டுப் பகவான் சந்திரர் தம் வீட்டு வளாகத்திலேயே தச்சுப் பட்டறையும் உலோகப் பட்டறையும் அமைத்தார். மரம் இழைப்பதையும் உலோகம் உருக்கி வார்ப்பதையும் ஜகதீசர் அங்கே அருகிருந்து பார்த்தார். சிறுவனுக்காகப் பித்தளையில் ஒரு சிறு பீரங்கியும் அங்கே வார்க்கப்பட்டது. கருவி என்பது கடையில் வாங்கும் பொருள் மட்டுமன்று, கையால் செய்துகொள்ளத்தக்க பொருள் என்னும் அறிவு அவருக்கு அப்பட்டறைகளிலேயே வாய்த்தது.

கல்கத்தாவிலும் இங்கிலாந்திலும்

1869ஆம் ஆண்டு ஜகதீசர் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டார். முதலில் ஹேர் பள்ளியிலும் பின்னர்ப் புனித சவேரியார் பள்ளியிலும் பயின்றார். தொடர்ந்து புனித சவேரியார் கல்லூரியில் பயின்றபோது, அங்கே இயற்பியல் கற்பித்த லஃபோன் அடிகளார் சோதனைகளைச் செய்து காட்டியே பாடம் நடத்தினார். கண்முன் நிகழும் சோதனை, ஏட்டில் எழுதிய விதியைவிட ஆழமாக மனத்தில் பதியும் என்பதை ஜகதீசர் அவரிடமே கற்றார்.

1880ஆம் ஆண்டு மருத்துவம் பயில இலண்டன் சென்றார். ஆனால், புறப்படும் முன்னரே பற்றியிருந்த காய்ச்சல் அவரை விட்டு நீங்கவில்லை. பிணவறுவை அறையின் நெடி நோயை மிகுவித்தது. மருத்துவக் கல்வியைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்து கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே ராலே பிரபு என்னும் புகழ்பெற்ற இயற்பியலாளர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்றுப் போஸ் தாயகம் திரும்பினார்.

ஊதியம் பெறாத மூன்று ஆண்டுகள்

1885ஆம் ஆண்டு போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இந்தியரால் அறிவியலைச் செம்மையாகக் கற்பிக்க இயலாது என்னும் எண்ணம் கல்வித்துறையின் மேலிடத்தில் அன்று நிலவியது. ஒரே பணியைச் செய்யும் ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஆக, ஐரோப்பியரின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே அவருக்குக் கிட்டும் நிலை.

போஸ் பணியை விட்டு விலகவில்லை. உரக்கப் பேசிப் பூசலிடவும் இல்லை. ஊதியத்தைப் பெற மறுத்தார். ஒரு நாளும் தவறாமல் வகுப்பு நடத்தினார். ஒரு காசும் பெற்றுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் அன்று, ஓர் ஆண்டு அன்று, மூன்று ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

அவை எளிய ஆண்டுகள் அல்ல. உள்நாட்டுத் தொழில்கள் வளர வேண்டும் என்னும் ஆர்வத்தால் தந்தையார் தம் பொருளை அவற்றில் இட்டு இழந்திருந்தார். குடும்பத்தைக் கடன் சூழ்ந்திருந்தது. 1887ஆம் ஆண்டு போஸ் அபலா தாஸ் என்பவரை மணந்தார். அபலா கல்வியில் சிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாமையால், அரசின் உதவித்தொகை பெற்றுத் தொலைவிலுள்ள சென்னைக்குச் சென்று அங்கே மருத்துவம் பயின்றவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். மொழியும் உணவும் வேறான ஊரில் தனித்து வாழ்ந்து பயின்ற அப்பெண்மணி, வறுமையைக் கண்டு கலங்கவில்லை. இருவரும் சந்திரநாகூரில் ஆற்றங்கரையில் எளிய வீடு ஒன்றில் சில காலம் வாழ்ந்தனர். போஸ் ஊக்ளி ஆற்றைப் படகில் கடந்து கல்லூரிக்குச் சென்று வந்தார்.

போஸின் கற்பிக்கும் திறனும் உறுதியும் இறுதியில் வென்றன. அவர் நிலையான பேராசிரியராக்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு உரிய முழு ஊதியமும் முன்தேதியிட்டு ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அவர் தந்தையின் கடனை அடைத்தார்.

குளியலறையை ஒட்டிய ஆய்வகம்

ஊதியம் கிடைத்தது, ஆய்வகம் கிடைக்கவில்லை. கல்லூரி ஆசிரியரின் கடமை கற்பித்தல் மட்டுமே என அரசு கருதியது. ஆய்வுக்கெனத் தனி இடமோ பணமோ ஒதுக்கப்படவில்லை. 1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், எஞ்சிய வாழ்நாளைப் புதிய அறிவைத் தேடுவதற்கே செலவிடுவது எனப் போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறை அவருடைய ஆய்வகமாயிற்று. பகலெல்லாம் வகுப்பு, வகுப்பு முடிந்த பின்னரே ஆய்வு. செலவு அவருடைய சொந்தப் பணம்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் மின்காந்த அலை. ஒளியும் மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணக்கின் வழி முன்னரே கூறியிருந்தார். 1888ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளை உண்டாக்கி அக்கூற்றை மெய்ப்பித்தார். அவை ஒளியைப் போலவே எதிரொளிக்குமா, வளையுமா, குவியுமா என்பதை நுணுகி ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஹெர்ட்ஸ் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை. அவற்றை எதிரொளிக்க ஆளுயரத்தையும் விஞ்சிய உலோக ஆடிகள் தேவைப்பட்டன. அவற்றின் பாதையை வளைத்துக் காட்ட அவர் கீல் கொண்டு வார்த்த முப்பட்டகத்தின் எடை அரை டன்னுக்கும் மேல். அத்தகைய கருவிகளைக் குளியலறையை ஒட்டிய சிற்றறைக்குள் கொண்டு வருவது எங்ஙனம்?

போஸ் அலையையே சிறியதாக்கினார். அலை சிறியதாயின் கருவியும் சிறியதாகலாம். அலை நேர்க்கோட்டில் செல்வதையும் தெளிவாகக் காணலாம். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உடைய மின் அலைகளை அவர் உண்டாக்கினார். அக்காலத்தில் இத்துணைக் குறுகிய மின் அலைகளை முறையாகக் கையாண்டோர் மிகச் சிலரே. அதன் பயனாக, அரை டன் எடையுள்ள முப்பட்டகத்தின் வேலையைக் கையில் அடங்கும் முப்பட்டகம் செய்தது. கருவித் தொகுதி முழுவதும் ஒரு மேசைமேல் அடங்கியது.

அலைபரப்பியும் ஏற்பியும்

கருவிகளைச் செய்யப் போஸுக்குத் துணையாக வாய்த்தவர் தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவர். அறிவியல் கருவி எதையும் முன்பு செய்தறியாதவர். போஸ் வரைந்து காட்டினார். அவர் வெட்டினார், வளைத்தார், பற்றவைத்தார். பொருந்தாதபோது பிரித்து மீண்டும் செய்தனர். பர்த்வான் பட்டறையில் சிறுவனாக நின்று பார்த்தது இங்கே பயன்பட்டது.

அலைகளை அனுப்பும் கருவியின் உள்ளே பிளாட்டினத்தாலான ஒரு சிறு பந்தும், அதன் இருபுறமும் இரு சிறு உலோக முனைகளும் இருந்தன. மின்கலத்தின் மின்னோட்டத்தைத் தூண்டு சுருள் ஒன்று மிகுந்த அழுத்தமுடையதாக மாற்றியது. முனைகளுக்கும் பந்துக்கும் இடையே ஒரு நொடிப்பொழுது மின்பொறி பறந்தது. அவ்வேளையில் பந்தின் பரப்பில் மின்னேற்றம் மிக விரைவாக அங்குமிங்கும் ஊசலாடி அலைகளை எழுப்பியது. பந்து எத்துணைச் சிறியதோ, அலையும் அத்துணைக் குறுகியது. தொடர்ந்து பொறி பறந்தால் உலோகப் பரப்பு சொரசொரப்பாகிவிடும். ஆதலால் எளிதில் கெடாத பிளாட்டினத்தைப் போஸ் தேர்ந்தார். அலைகள் வேண்டாத திசைகளில் கசியாதவாறு கருவியை உலோகப் பெட்டிக்குள் அடக்கி, ஒரு குழாயின் வழியே மட்டும் வெளிவரச் செய்தார்.

அலைகளைப் பெறும் கருவி இன்னும் நுட்பமானது. மெல்லிய எஃகுச் சுருள்கம்பிகள் பலவற்றை ஒன்றையொன்று தொடுமாறு ஒரு குறுகிய பள்ளத்தில் அடுக்கினார். அவை எவ்வளவு நெருக்கமாகத் தொட வேண்டும் என்பதை ஒரு திருகாணியால் சரிசெய்தார். அவற்றின் வழியே மின்கலத்தின் சிறு மின்னோட்டம் சென்றது. அலை வந்து படும்போது, கம்பிகள் தொடும் இடங்களில் மின்தடை குறைந்து மின்னோட்டம் மிகும்; கால்வனோமீட்டரின் முள் உடனே விலகும். கண்ணால் காண இயலாத அலையின் வருகையை முள்ளின் அசைவு அறிவித்தது. அலைகளைத் திரட்டி ஏற்பிக்குள் செலுத்தப் புனல் வடிவக் கூம்பு ஒன்றையும் அமைத்தார். இன்றும் நுண்ணலைக் கருவிகளில் இத்தகைய கொம்பு வடிவ உறுப்பு பயன்பட்டு வருகிறது.

சோதனைப் பொருள்களையும் அவர் தம்மைச் சுற்றியே தேடிக்கொண்டார். ஒளியலைகள் பல தளங்களில் அதிர்பவை. சில பொருள்கள் ஒரு தளத்தில் அதிரும் அலையை மட்டும் விடுத்து, ஏனையவற்றைத் தடுக்கும். மின் அலைக்கும் இப்பண்பு உண்டா என்று அறிய அவர் எடுத்தது இரயில்வே கால அட்டவணை நூல் ஒன்று. தாள்களுக்கு இடையே ஈயத்தாள் செருகிய அந்நூல், ஒரு திசையில் பிடித்தால் அலையை விடுத்தது; கால்வட்டம் திருப்பிப் பிடித்தால் தடுத்தது. சர்க்கரைக் கரைசல் போன்றவை ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவது போல, மின் அலையின் தளத்தைத் திருப்பும் பொருள் எது என்று தேடியபோது, வங்காளத்தின் வயலில் விளையும் சணல் கைகொடுத்தது. வலப்புறமாகப் புரி முறுக்கிய சணல் தளத்தை ஒரு பக்கமும், இடப்புறமாக முறுக்கிய சணல் மறு பக்கமும் திருப்பின. இவ்வாறு, காணும் ஒளியின் பண்புகள் காணாத ஒளிக்கும் உண்டு என்பது ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பிக்கப்பட்டது.

சுவர் கடந்து சென்ற செய்தி

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் முன்னிலையில் போஸ் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். அலைபரப்பி ஓர் அறையில். ஏற்பி சுமார் 75 அடி தொலைவில் வேறோர் அறையில். இடையே சுவர்கள் இருந்தன. துணைநிலை ஆளுநரே வழியில் இருந்தார். போஸ் அலைபரப்பியை இயக்கினார். அலைகள் அனைத்தையும் ஊடுருவிச் சென்று ஏற்பியைத் தூண்டின. அங்கே மணி ஒலித்தது, துப்பாக்கி வெடித்தது, வெடிமருந்து தீப்பற்றியது. மாயமோ மந்திரமோ இன்றி, கம்பியும் இன்றிச் செய்தி சென்றதைக் கல்கத்தா கண்டது.

அவருடைய கட்டுரைகள் இலண்டனை எட்டின. 1896ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், ஃபாரடே போன்ற பேரறிஞர்கள் உரையாற்றிய இராயல் நிறுவனத்தின் அவையில் போஸ் தம் கருவிகளுடன் உரை நிகழ்த்தினார். கல்கத்தாவின் தகரத் தொழிலாளி பற்றவைத்த கருவிகள் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்கள் முன் பிழையின்றி இயங்கின. இந்தியரால் அறிவியல் கற்பிக்க இயலாது என்ற எண்ணத்திற்கு அதுவே விடையாயிற்று.

எல்லா ஒளியையும் காணும் செயற்கைக் கண்

மனிதக் கண் காணும் ஒளி, ஒளியுலகின் மிகச் சிறிய பகுதியே. சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்பும், அதற்கும் அப்பால் போஸின் குறுகிய மின் அலைகளும் உள்ளன. ஊதாவிற்கு அப்பால் புற ஊதாக் கதிர்கள் உள்ளன. இவை யாவற்றையும் உணரும் ஒரே ஏற்பியைச் செய்ய இயலுமா எனப் போஸ் ஆராய்ந்தார். காரீயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் தாதுப் படிகத்தை ஓர் உலோக முனை தொடுமாறு அமைத்தபோது, அது மின் அலையையும் உணர்ந்தது. காணும் ஒளியையும் உணர்ந்தது. அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்களையும் உணர்ந்தது. அதனை ஒரு செயற்கைக் கண் எனலாம். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் பயன்படும் குறைகடத்திகளின் இனத்தைச் சேர்ந்தது அப்படிகம்.

இக்கருவிக்கு 1904ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதற் காப்புரிமையாக இது கருதப்படுகிறது. அதனையும் போஸ் தாமாக நாடவில்லை. அறிவு விற்பனைப் பொருள் அன்று என்பது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தியதாலேயே விண்ணப்பித்தார். கிடைத்த பின்னர் அதனால் பொருளீட்ட முனையவும் இல்லை.

நெடுந்தொலைவுச் செய்தி அனுப்ப நீண்ட அலைகளே அக்காலத்தில் ஏற்றவையாக இருந்தன. மார்க்கோனி முதலியோர் அவ்வழியில் கம்பியில்லாத் தந்தியை உலகெங்கும் பரப்பினர். போஸின் குறுகிய அலைகள் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பின்னர் இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் கருவிக்காகக் குறுகிய அலைகளை உலகம் தேடியது. இன்றைய கைப்பேசித் தொழில்நுட்பமும் மில்லிமீட்டர் அலைகளைப் பயன்படுத்துகிறது.

உயிரின் துடிப்பைத் தேடி

நெடுநேரம் உழைத்த ஏற்பி உணர்வு மங்குவதையும், ஓய்வு தந்தால் மீண்டும் தெளிவதையும் போஸ் கண்டார். உலோகத்திற்கும் களைப்பு உண்டோ என்னும் ஐயம் அவரை உயிருள்ளவற்றின் பக்கம் திருப்பியது. செடிகள் வெப்பம், ஒளி, தொடுகை முதலியவற்றிற்கு எவ்வாறு மறுவினை புரிகின்றன என்பதை ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். முதலில் ஏற்க மறுத்தோரும் ஐயுற்றோரும் பலர். ஆயினும் 1920ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

1917ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளாகிய நவம்பர் 30ஆம் நாள், தம் சேமிப்பையும் நண்பர்கள் தந்த பொருளையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குளியலறையின் அருகே ஆய்வு செய்த துன்பம், பின்வரும் இந்திய இளைஞருக்கு நேரலாகாது என்பதே அதன் நோக்கம். அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. அவருடைய கருவிகள் அங்கே காக்கப்படுகின்றன.

ஆங்கிலத்தில் ஆய்வு நூல்கள் எழுதிய போஸ், தாய்மொழியை மறக்கவில்லை. காணாத ஒளியைப் பற்றி வங்கமொழியில் எளிய கட்டுரை எழுதினார். அது உள்ளிட்ட வங்கமொழி எழுத்துகள் அவ்யக்த என்னும் பெயரில் 1921ஆம் ஆண்டு நூலாயின. மீனவர் மகனோடு அமர்ந்து கற்ற மொழியிலேயே தாம் கண்ட புதுமையை அவர் தம் மக்களுக்குச் சொன்னார். அபலா அம்மையார் பெண்கல்விக்காகப் பள்ளிகள் பல தோன்றப் பாடுபட்டார்.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில் போஸ் மறைந்தார். நல்ல ஆய்வகம் வாய்க்கட்டும், பிறகு ஆராயலாம் என்று அவர் காத்திருந்தால், அச்சிற்றறை சிற்றறையாகவே இருந்திருக்கும். இருந்த இடத்திற்கு ஏற்ற கருவியையும், கருவிக்கு ஏற்ற அலையையும் அவர் படைத்துக்கொண்டார். காணாத ஒளி அங்கிருந்தே புறப்பட்டது.

சொல்லும் பொருளும்

அலைபரப்பி – அலைகளை அனுப்பும் கருவி
ஏற்பி – அலைகளைப் பெறும் கருவி
ஏவலர் – பணியாளர்
முப்பட்டகம் – ஒளியின் பாதையை வளைக்கும் மூன்று பக்கக் கட்டி
புரி – முறுக்கிய நூலின் இழை
எங்ஙனம் – எவ்வாறு
கீல் – தார் போன்ற கரும்பொருள்

செய்து பார்ப்போம்

(ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் செய்க. மின்கலம் மட்டுமே பயன்படுத்துக. வீட்டு மின்னிணைப்பைத் தொடலாகாது.)

1. அனுப்பும் சுற்று: இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், 100 ஓம் மின்தடை, அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று ஆகியவற்றை வரிசையாக இணைக்க. எல்.இ.டி.யின் நீண்ட கால் மின்கலத்தின் நேர்முனைப் பக்கம் அமைய வேண்டும். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவின் வழியே பார்த்தால் பெரும்பாலும் வெளிர் ஊதா நிறத்தில் தெரியும்.

2. பெறும் சுற்று: மூன்று மின்கலங்கள், 220 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி., போட்டோ டிரான்சிஸ்டர் ஆகியவற்றை வரிசையாக இணைக்க. போட்டோ டிரான்சிஸ்டரின் எந்தக் கால் நேர்முனைப் பக்கம் வர வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிக.

3. மங்கலான அறையில் இரண்டையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் வைக்க. சிவப்பு விளக்கு எரியும். இடையே அட்டையை நீட்டினால் அணையும்.

4. கண்ணாடி, கறுப்புத் துணி, மரப்பலகை ஆகியவற்றை ஒவ்வொன்றாக இடையே வைத்து, எது கதிரை விடுகிறது, எது தடுக்கிறது எனக் குறித்துக்கொள்க. போஸின் அலைகள் சுவரைக் கடந்தன. அகச்சிவப்புக் கதிர் கடக்கிறதா?

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. பகவான் சந்திரர் தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தது ஏன்?
2. அபலா மருத்துவம் பயிலச் சென்னைக்குச் சென்றதன் காரணம் யாது?
3. போஸ் பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தது எதனால்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை தருக.

1. ஊதிய வேறுபாட்டைப் போஸ் எதிர்த்த முறையை விளக்குக.
2. ஹெர்ட்ஸின் கருவிகளையும் போஸின் கருவிகளையும் ஒப்பிடுக.
3. போஸின் ஏற்பி இயங்கிய முறையை உம் சொற்களில் எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.

சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் ஒருவர் தம் தாய்மொழியைக் கற்பதால் பெறும் பயன் யாது? போஸின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி எழுதுக.